எட்டு ரூபாய் கூடும் என்று சொல்லிவிட்டேன்: எம்பிஏ வகுப்பில் இதைத்தான் கற்றுக்கொள்கிறோமா?

கோத்தகிரி மழை (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் எம்பிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஆறாம் வகுப்பிலிருந்து அம்மாவின் இலைக் கணக்கு நோட்டை நான்தான் எழுதி வருகிறேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது செமஸ்டரில் எங்கள் ஐந்து பேர் குழுவுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். எங்கள் மலையிலேயே இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரி, ஏலத்துக்கு அனுப்பாமல் தூளைப் பாக்கெட் போட்டு நேரடியாக விற்றால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட வேண்டும். முதல் நாள் வகுப்பில் குழுவில் ஒருவன் எழுந்து, "100 கிலோ பச்சை இலைக்கு 40 கிலோ தூள் வரும்" என்றான். தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் சொன்ன விதத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ஆசிரியர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அந்த 40 எக்செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே ஸ்லைடில் லாபம் மட்டும்தான் தெரியும்.

கடைசியில் ஃபேக்டரியில் பிரசன்டேஷன். இருபது விவசாயிகள் வந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "இதனால் எங்கள் இலைக்குக் கிலோவுக்கு எவ்வளவு கூடும்?" என்று கேட்டார். குழுவில் நான்தான் மலைக்காரன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கின் அடியே தப்பு என்று தெரிந்தும், "குறைந்தது 8 ரூபாய் கூடும் தாத்தா" என்றேன். அந்த எட்டு எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை, அந்த நொடியில் வாயில் வந்தது. குரல் நடுங்கவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நண்பர்கள் முதுகில் தட்டினார்கள். "செம கான்ஃபிடன்ஸ்" என்றார்கள்.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது அம்மா ஒரு விஷயம் சொன்னார். அந்தத் தாத்தாவின் பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள், தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. வருடக் குத்தகைக்கு ஒருவர் கேட்டு, ஏறக்குறையப் பேசி முடித்திருந்தார்களாம். என் எட்டு ரூபாயைக் கேட்டபின், "விலை கூடப் போகிறது, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தாத்தா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். "தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே" என்று ஒன்றரை வருடமாக எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சி எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது. இது சரிதானா?

மண்டிக்காரர், ஞாயிறு இரவு

முதலில் தாத்தாவிடம் போய் உண்மையைச் சொல். குத்தகைக்குக் கேட்டவர் வேறு தோட்டம் பார்த்துவிடுவதற்குள் போ. மற்றதைப் பிறகு பேசலாம்.

கல்லட்டி வளைவு, திங்கள் காலை

தம்பி, ஊட்டியில் பிறந்து பெங்களூரில் கன்சல்டிங் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் ஜூனியர்களுக்கு மாதிரி நேர்காணல் எடுக்கிறேன். உங்கள் பயிற்சியில் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி இது: சீசனில் ஒரு நாளைக்கு ஊட்டிக்கு எத்தனை வெளியூர் வண்டி ஏறும்? ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு லட்சம்" என்றான். எப்படி என்றேன். "தோராயமாகச் சொன்னேன் சார்" என்றான். அடுத்து வந்த பெண் பேப்பர் எடுத்தாள். குன்னூர் வழி, கோத்தகிரி வழி, கூடலூர் வழி என்று மூன்றாகப் பிரித்தாள். ஒவ்வொரு சாலையிலும் நிமிடத்துக்கு எத்தனை வண்டி ஏற முடியும், அதில் லோக்கல் எவ்வளவு கழியும் என்று கேட்டுக்கொண்டே போய்ப் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 என்று வரம்பு வைத்தது. அதோடு ஒப்பிட்டால் அவள் எங்கே நிற்கிறாள், அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியும்.

அவளுக்கும் விடை தெரியாதுதான். ஆனால் அவள் கணக்கில் எந்த இடம் தப்பு என்று விரல் வைத்துக் காட்ட முடியும். ஒரு லட்சத்தில் விரல் வைக்க இடமே கிடையாது. உன் எட்டு ரூபாயும் அந்த ஜாதிதான். அன்றைக்கு நீ, "இலைக்கு இவ்வளவு தூள், பாக்கெட் செலவு இவ்வளவு, கடைக்காரர் கமிஷன் இவ்வளவு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போயிருந்தால் அந்தத் தாத்தாவே உன் நாற்பதைப் பிடித்திருப்பார்.

கொழுந்துக்கூடை, திங்கள் மதியம்

நானும் கோத்தகிரிதான். இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன் தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பச்சை இலையில் முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர். 100 கிலோ இலையை வாட வைத்து, அரைத்து, புளிக்க வைத்து, டிரையரில் காய வைத்து எடுத்தால் மிஞ்சுவது 22 கிலோ, மிக நல்ல கொழுந்தாக இருந்தால் 25. நாற்பது கிலோ எடுக்க வேண்டும் என்றால் தண்ணீரையும் பாக்கெட் போட்டு விற்க வேண்டும்! மிஷினை மாற்றினாலும் மேனேஜரை மாற்றினாலும் இது மாறாது.

இப்போது உன் எட்டு ரூபாய்க்கு வருகிறேன். ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை. இலைக்குக் கிலோவுக்கு 8 ரூபாய் கூட்டிக் கொடுத்தால் தூளில் 36 ரூபாய் ஏறிவிடும். பாக்கெட், விளம்பரம், லாரி வாடகை எதுவும் இதில் சேரவில்லை. குன்னூர் ஏலத்தில் சராசரி விலை ஒரு வாரத்தில் இரண்டு மூன்று ரூபாய் ஏறினாலே எங்கள் பக்கம் அதுதான் அன்றைய பேச்சு. 36 ரூபாயை எங்கிருந்து கொண்டு வருவாய்?

ஒவ்வொரு வருடமும் யாராவது வருகிறார்கள். கோட்டு, லேப்டாப், ஒரு படம். உரத்துக்கும் பறிகூலிக்கும் அல்லாடுகிறவர்களிடம் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு மார்க் கிடைக்கும். எங்களுக்கு அந்த எண் மனதில் தங்கிவிடும், அதை வைத்துத்தான் பிள்ளையின் ஃபீஸைக்கூட யோசிப்போம். வெளியூர்ப் பையன் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் பாதிதான் நம்பியிருப்பார். நீ நம் பிள்ளை என்பதால் முழுசாக நம்பினார்.

வகுப்பறை ஜன்னல், திங்கள் இரவு

நான் ஒரு பிசினஸ் ஸ்கூலில் பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பையன் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

பழக்கத்தை வளர்ப்பது நாங்கள்தான். கேஸ் (ஒரு கம்பெனியின் நிலைமையைக் கொடுத்து விவாதிக்கச் சொல்வது) வைத்து நடத்தும் வகுப்பில் பேசுவதற்கு மார்க் உண்டு. பேசாமல் இருந்தால் பூஜ்யம். தப்பாகப் பேசினால் பெரும்பாலும் எதுவும் குறையாது, ஏனென்றால் எழுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவர் சொன்ன எண்ணையும் சரிபார்க்க எனக்கே நேரம் இருக்காது. அப்படியானால் மாணவன் என்ன கற்றுக்கொள்வான்? கையைத் தூக்கு, தெளிவாகப் பேசு, உட்கார். இதைத்தான் கற்றுக்கொள்கிறான்.

பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேமரன் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று 242 எம்பிஏ மாணவர்களைப் பற்றியது. செமஸ்டர் தொடக்கத்தில் வரலாற்றுப் பெயர்கள், நிகழ்ச்சிகள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, எதெல்லாம் தெரியும் என்று குறிக்கச் சொன்னார்கள். நடுவே இல்லாத பெயர்களையும் புனைந்து சேர்த்திருந்தார்கள். சிலர் அவற்றையும் தெரியும் என்று குறித்தார்கள். செமஸ்டர் முடிவில், குழுவில் யாருக்கு மரியாதையும் செல்வாக்கும் அதிகம் என்று சக மாணவர்களிடம் கேட்டார்கள். இல்லாததைத் தெரியும் என்று அதிகம் குறித்தவர்களே மேலே இருந்தார்கள்.

இந்த ஆய்வைப் படித்த அன்று என் வகுப்பில் யார் யாரைக் குழுத் தலைவர்களாகப் போட்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். மனது கனத்துவிட்டது.

இதைவிடப் பழைய சோதனை ஒன்றும் உண்டு. 1960களின் இறுதியில் மார்க் ஆல்பர்ட், ஹோவர்டு ரைஃபா இருவரும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் மாணவர்களிடம் தெரியாத சில அளவுகளைக் கொடுத்து, "விடை இதற்கும் இதற்கும் நடுவில் இருக்கும் என்று 98 சதவீதம் உறுதியாகச் சொல்லக்கூடிய எல்லையைக் கொடுங்கள்" என்றார்கள். நூற்றுக்கு இரண்டு மட்டுமே எல்லைக்கு வெளியே போயிருக்க வேண்டும். நாற்பதுக்கும் மேல் போயின. எவ்வளவு அகலமாகச் சொன்னாலும் தப்பில்லை, ஆனாலும் குறுக்கியே சொன்னார்கள். தப்பைக் காட்டித் திரும்பச் செய்ய வைத்தபோது பாதியாகக் குறைந்தது. அதற்கு மேல் குறையவில்லை.

தம்பி, நீ எட்டு என்று ஒற்றை எண் சொன்னாய். "ஒன்றும் கூடாமலும் போகலாம், ஒன்றரை ரூபாய் வரை கூடலாம்" என்று எல்லையாகச் சொல்ல யாரும் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

லயத்து வீடு, செவ்வாய் இரவு

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

நான் கூடலூர் பக்கம். தாத்தா பாட்டி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் வளர்ந்தேன், பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். எம்பிஏ முடித்து முதல் நேர்காணலில் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததை நேர்மையாகத் தெரியாது என்றும் சொன்னேன். "கான்ஃபிடன்ஸ் போதாது" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது நேர்காணலில் குரலை உயர்த்தி அடித்துவிட்டேன். வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் தங்கை படிக்கிறாள்.

நகரத்துப் பையன் "எனக்கு ஞாபகம் இல்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றால் அது நிதானம். நான் அதையே சொன்னால் அது தகுதிக் குறைவு. தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. இதையும் யோசித்துவிட்டு இந்தப் பையனுக்கு அறிவுரை சொல்லுங்கள்.

வகுப்பறை ஜன்னல், செவ்வாய் இரவு

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1999இல் கார்னல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் செய்த ஆய்வு பிரபலமானது. தேர்வில் கடைசிக் கால் பகுதியில் இருந்தவர்கள், நூறு பேர் வரிசையில் அடியிலிருந்து 12ஆவது இடத்தில் இருந்துகொண்டு தாங்கள் 62ஆவது இடத்தில் இருப்பதாக நினைத்தார்கள். எல்லாரும் இதை மட்டும் சொல்வார்கள். அதே ஆய்வின் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. முதல் கால் பகுதியில் இருந்தவர்கள் தங்கள் இடத்தைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோத்தகிரிப் பையன் வகுப்பில் 40ஐக் கேட்டுப் பேசாமல் இருந்தது எனக்கு இந்த இரண்டாவது வகையாகத்தான் படுகிறது. அந்த அறையில் தேயிலை தெரிந்தவன் அவன் ஒருவன். ஃபேக்டரியில் எட்டு என்றதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், எனக்கு வகுப்பில் வாய் திறக்காததுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதற்கு அவன் மட்டும் பொறுப்பில்லை. தலையாட்டிய ஆசிரியரும் பொறுப்பு.

சென்னை வெயில், புதன் காலை

புதிதாகக் கணக்கு தொடங்கி எழுதுகிறேன். அந்த 40ஐச் சொன்னவன் நான்தான்.

எங்கிருந்து வந்தது என்று உண்மையிலேயே எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு எண் வேண்டியிருந்தது, சொன்னேன். சொல்லும்போது உன்னைத்தான் பார்த்தேன்டா. உன் வீட்டில் தேயிலை என்று எனக்குத் தெரியும். தப்பாக இருந்தால் நீ சொல்லிவிடுவாய் என்று இருந்தேன். நீ தலையாட்டினாய். அப்போது முதல் அது எனக்கு உண்மையாகிவிட்டது. பிரசன்டேஷன் வரை அதை நான் மறுபடி யோசிக்கவே இல்லை.

தாத்தாவைப் பார்க்க நானும் வருகிறேன். எப்போது என்று சொல்.

ஏலக்கோப்பை, புதன் இரவு

குன்னூரில் தேயிலை புரோக்கர் கம்பெனி ஒன்றில் டேஸ்டராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இழையை முழுதாகப் படித்தேன்.

எங்கள் தொழிலில் இருபத்திரண்டு வயதுப் பையன்களைச் சேர்ப்போம். நல்ல படிப்பு, நல்ல பேச்சு. முதல் மாதம் எல்லாரும் உங்களைப் போலத்தான் பேசுவார்கள். நீளமான மேசையில் வரிசையாகக் கோப்பைகள், ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கில். ஒரு மடக்கை உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, இந்த லாட் (ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதித் தூள்) கிலோ என்ன விலைக்குப் போகும் என்று சொல்ல வேண்டும். சொன்னதை எழுதி வைத்துவிடுவோம். வியாழனும் வெள்ளியும் ஏலம். அந்த நாளில் எல்லாம் கூவித்தான், இப்போது கணினியில். வெள்ளி மாலை அவன் சொன்ன விலைக்குப் பக்கத்தில் ஏலத்தில் போன விலையை எழுதி அவன் மேசையில் வைத்துவிடுவோம். யாரும் திட்ட மாட்டார்கள். பேச மாட்டார்கள்.

ஒரு பையன் இருந்தான். அருமையான குரல், எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். முதல் மூன்று வாரம் அவன் சொன்ன விலையும் போன விலையும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. நாலாவது வாரம் ஒரு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். "சார், இது எனக்குப் புரியவில்லை" என்றான். டிரையரில் சூடு அதிகமாகிக் கருகிய வாடை அது, அவன் அதுவரை பார்த்ததில்லை. அன்று முதல்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அதற்கு முன் சொல்லிக்கொடுக்க அவனிடம் இடமே இல்லை.

அவன் பேச்சு குறையவில்லை, அந்தக் குரல் கடைசி வரை அப்படியேதான் இருந்தது. லயத்து வீடு தம்பி இதைக் கவனிக்க வேண்டும். தெரியாது என்றால் குரல் தாழ வேண்டும் என்று அவசியம் இல்லை. "இந்த லாட் எனக்குப் பிடிபடவில்லை, இன்னொரு முறை ஊற்றுங்கள்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்வான்.

உங்கள் கல்லூரியில் நீங்கள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் நடந்த எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. செமஸ்டர் முடிந்ததும் எல்லாரும் போய்விடுகிறீர்கள். ஏல விலை வராத டேஸ்டர் எப்படி டேஸ்டர் ஆவான்?

வகுப்பறை ஜன்னல், புதன் இரவு

ஐயா, இதை என் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன். அமெரிக்க வானிலை ஆய்வாளர்களைப் பற்றியும் இதேதான் சொல்வார்கள். அவர்கள் மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நாட்களை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறையப் பத்துக்கு ஏழு நாள் மழை பெய்திருக்கும். சொன்னதற்கு மறுநாளே பதில் வந்துவிடுகிற தொழில். வரும் பருவத்தில் மாணவர்கள் வகுப்பில் சொல்லும் எண்களை ஒரு நோட்டில் எழுதி, எவ்வளவு உறுதி என்றும் பக்கத்தில் எழுதச் சொல்லி, மாதக் கடைசியில் திருப்பிக் காட்டப் போகிறேன். "எனக்குத் தெரியாது, இப்படிக் கண்டுபிடிக்கலாம்" என்று சொல்பவருக்கும் பேசியதற்கான மார்க் உண்டு.

கோத்தகிரி மழை, ஞாயிறு இரவு

போய்விட்டு வந்தேன். நான், அம்மா, சென்னையிலிருந்து என் நண்பன்.

தாத்தா வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் உறைபனி அதிகம், தோட்டத்தின் அடிப்பகுதியில் கொழுந்து கருகியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பதைச் சொன்னேன், எட்டைச் சொன்னேன். நண்பனும் அவன் பங்கைச் சொன்னான். அவர் குறுக்கே பேசவில்லை.

கடைசியில், "தெரியாமல் ஏன் சொன்னாய்?" என்றார்.

"எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் தாத்தா" என்றேன்.

"நானும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. அம்மாதான் குத்தகைக்காரரைப் பற்றிக் கேட்டார். அவர் வேறு தோட்டம் எடுத்துவிட்டார். பெரிய தோட்டத்துக்கு இனி அடுத்த வருடம்தான் என்கிறார், ரோட்டோரம் இருக்கிற அரை ஏக்கரை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருக்கிறாராம். மிச்சத்தைப் பார்க்க வாரத்துக்கு ஒரு நாள் நான் வருகிறேன் என்றேன். தாத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஃபேக்டரிக்கு இரண்டு பக்கத் திருத்தம் எழுதிக் கொடுத்தோம். 40ஐ 22.5 ஆக மாற்றினால் லாபம் எங்கே போகிறது என்று காட்டினோம். முதல் இரண்டு வருடம் விவசாயிக்கு எதுவும் கூடாது, அதன்பின் விற்பனை பிடித்தால் ஒரு ரூபாய், மிஞ்சினால் ஒன்றரை என்று எழுதினோம். குழுவில் ஒருத்தி கடும் கோபத்தில் இருக்கிறாள், மார்க் போய்விடும் என்கிறாள். அவள் பயமும் நியாயம்தான், வீட்டில் கல்விக் கடன் இருக்கிறது. திருத்தத்தில் அவள் கையெழுத்து இல்லை.

தாத்தா ஒன்று கேட்டார். எட்டு ரூபாயை நம்பிய மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும், ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடு, கடையில் ஒட்டுகிறேன் என்றார். எழுதியிருக்கிறேன். ஏலக்கோப்பை ஐயா, கொழுந்துக்கூடை அக்கா, இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்:

"ஃபேக்டரி கூட்டத்தில் கிலோவுக்கு 8 ரூபாய் கூடும் என்று நான் சொன்னது தவறு. அதற்குக் கணக்கு எதுவும் என்னிடம் இல்லை. 1 கிலோ தூளுக்கு நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். இலைக்கு 1 ரூபாய் கூட்டினால் தூளுக்கு நாலரை ரூபாய் செலவு கூடும். பாக்கெட் விற்பனை நன்றாக நடந்தால் இரண்டு வருடத்துக்குப் பின் கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றரை ரூபாய் கூடலாம். கூடாமலும் போகலாம். இதை நம்பிக் குத்தகையையோ கடனையோ முடிவு செய்ய வேண்டாம்." கீழே என் பெயரும் போன் நம்பரும்.

கொழுந்துக்கூடை, ஞாயிறு இரவு

எழுத்தைப் பெரிதாகப் போடு தம்பி. கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைக்கும் ஒன்று கொடு.

ஏலக்கோப்பை, திங்கள் காலை

மழை மாதத்தில் இலை ஈரமாக வரும், நாலரை போதாது. "மழைக்காலத்தில் 5 கிலோ" என்று ஒரு வரி சேர்த்துவிடு. மற்றது சரி.